பத்தரை சென்ட் நிழல்

பங்குனி மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிஷத்துக்கு, கள்ளியோடை என்கிற உப்பளத்து ஊரில், அம்மன் சப்பரத்தோடு நடந்துபோன நூற்றுப் பதினேழு பேரை மங்களேஸ்வரி ஒரு படம் எடுத்தாள். படம் எடுத்து முடிந்ததும் ஆட்கள் நடந்து போய்விட்டார்கள், சப்பரம் போய்விட்டது, மேளம் போய்விட்டது, நிழல்கள் மட்டும் போகவில்லை.

மங்களேஸ்வரிக்கு அது அப்போது தெரியாது. கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், படம் எடுக்க ஏறி நின்ற உப்பு அம்பாரத்திலிருந்து சறுக்கி இறங்கி, கேமராவை முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவள் மதுரைக்குத் திரும்பிவிட்டாள். மதுரையில் ஒரு தொலைக்காட்சியில் அவள் செய்தி ஆசிரியர். இருபத்திரண்டு வருஷமாக அவளுடைய வேலை, மற்றவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்ததை நாலு வரியில் சுருக்கி, நாலு வரியை ஒரு வரியாக்கி, அந்த ஒரு வரியைத் திரைக்குக் கீழே வலமிருந்து இடமாக ஓடவிடுவது. தீ, வெள்ளம், தேர்தல், கொலை, தங்கம் விலை எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் ஓடின; அவள் மட்டும் நாற்காலியில் இருந்தாள். அதனால் வாரம் ஒருநாள் கிடைக்கிற ஓய்வில் கேமராவும் ஒரு மாற்றுச் சேலையுமாக பஸ் ஏறிவிடுவாள். தேர் ஓடுகிற ஊருக்குப் போனாள், தெப்பம் விடுகிற ஊருக்குப் போனாள், சந்தனக்கூட்டுக்குப் போனாள், மாதா கோயில் கொடியேற்றத்துக்குப் போனாள், கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கிற ஊர்களுக்குப் போனாள், பெண் எடுக்கிற வீட்டார் மாப்பிள்ளையை மாட்டு வண்டியில் ஏற்றி வருகிற கல்யாணங்களுக்கு அழைப்பே இல்லாமல் போய் முதல் பந்தியில் சாப்பிட்டாள். எடுத்த படங்களை எங்கும் கண்காட்சியாக வைத்ததில்லை. படத்தில் இருக்கிறவர் பெயரையும் விலாசத்தையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, பிரதி போட்டுத் தபாலில் அனுப்புவாள். அவ்வளவுதான் அந்தப் பொழுதுபோக்கு. கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையாமலே அவளுக்கு நாற்பத்தெட்டு வயது ஆகியிருந்தது. அதைப் பற்றி அவள் அதிகம் யோசித்ததும் இல்லை.

மறுநாள் படத்தைத் திறந்து பார்த்தபோது, வெயில் சரிந்து அடிக்கிற நேரத்தில் எதிர்வெயிலில் எடுத்த அந்தப் படத்தில், சப்பரத்தின் ஒவ்வொரு காகிதப் பூவும் தெரிந்தது, கொட்டுக்காரரின் நெற்றி வியர்வை தெரிந்தது, சப்பரத்தின் முன்கம்பைத் தோளில் தாங்கியவர் பல்லைக் கடித்திருந்தது தெரிந்தது. தரையில் மட்டும் ஒருவருக்கும் நிழல் இல்லை. வெள்ளை வெளேரென்று உப்புத்தரை. கேமராவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அவள் அதைப் பழுது பார்க்கிற கடையில் கொடுத்தாள். கடைக்காரர் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

கள்ளியோடையில் அதை முதலில் கண்டவள் காளிப்பேச்சி. உப்பளத்தில் உப்பு வாருகிறவள். சப்பரத்தின் முன்கம்பைத் தூக்கிய லிங்கத்துரையின் மனைவி. புதன்கிழமை விடிந்து வேலைக்குப் போகும்போது, உப்பளத்தை ஒட்டிப் போகிற அளக்கரை ரோட்டோரத்தில் சப்பரத்தின் நிழல் கிடந்தது. இன்னும் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் போட்டுவிட்டுப் போய்விட்டார்களா என்று நிமிர்ந்து பார்த்தாள். மேலே வானம்தான் இருந்தது. குனிந்து தன் காலடியைப் பார்த்தாள், வெயில்தான் இருந்தது. நேரமாகிவிட்டதால் அவள் மேலே நடந்து உப்புப் பாத்திக்குப் போய்விட்டாள். பதினோரு மணிக்கு, உப்பின் பளபளப்பில் கண் கூசி, பாதவெடிப்பு எரிய, தூக்குச்சட்டியோடு எங்கே உட்காரலாம் என்று பார்த்தவள், பழக்கதோஷத்தில் நிழலைத் தேடிப் போய் அந்த நிழலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தரை குளிர்ந்திருப்பது தெரிந்தது. தண்ணீர்ப் பானையை எடுத்த இடம் போலக் குளிர்ந்திருந்தது.

கள்ளியோடையைச் சுற்றி ஏழு மைலுக்கு மரம் கிடையாது. நட்டுப் பார்த்திருக்கிறார்கள், வேர் உப்பைத் தொட்டதும் இலை உதிர்ந்துவிடும். அளத்து முதலாளிகள் கொட்டகை போட்டுத் தருவதாக ஒவ்வொரு வருஷமும் சொன்னார்கள். வெயிலில் நின்று வெயிலில் வாரி வெயிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்களுக்கு, ரோட்டோரத்தில் நூற்றுப் பதினேழு பேருடைய நிழலும், சப்பரத்தின் நிழலும், அதன் கம்புகளின் நிழலும், வெண்கொற்றக்குடையின் நிழலும், வெளியூர்ப் பலூன்காரர் ஒருவர் கையில் பிடித்திருந்த முப்பது பலூன்களின் நிழலும் கிடைத்தால் என்ன செய்வார்கள். மூன்றாம் நாளே வரிசை வந்துவிட்டது. கைக்குழந்தைக்காரிகளுக்குச் சப்பரத்துக் கூண்டு நிழல், கர்ப்பிணிகளுக்குக் குடை நிழல், மற்றவர்கள் ஆள் நிழலில் ஒண்டிக்கொள்ள வேண்டியது, சாயங்காலம் பலூன் நிழல்கள் சின்னப் பிள்ளைகளுக்கு என்று பெண்களே பேசி முடிவு செய்தார்கள். லாரிகள் நிழல்மேல் சக்கரம் ஏற்றாமல் ஒதுங்கிப் போயின. சூரியன் கிழக்கில் இருந்தாலும் மேற்கில் இருந்தாலும் உச்சியில் இருந்தாலும் அந்த நிழல்கள் செவ்வாய்க்கிழமை நாலு மணி பத்து நிமிஷத்துக்கு எப்படி நீண்டிருந்தனவோ அப்படியே நீண்டு கிடந்தன.

நிழலை இழந்தவர்களுக்குத்தான் முதலில் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அவர்களை வரிசையில் நிறுத்தி நாடி பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று சத்து மாத்திரை கொடுத்தார். கிராம நிர்வாக அதிகாரி சங்கிலி பிடித்து அளந்து, மொத்தம் பத்தரை சென்ட் நிழல் என்று கணக்கிட்டு, எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று தெரியாமல் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அங்கேயே சற்று நேரம் தூங்கிவிட்டுப் போனார். பலூன்காரர் இரண்டு ஊர் தள்ளி இன்னொரு திருவிழாவில் தன் நிழலைக் காணாமல் தேடிக்கொண்டு வந்தார். வந்தவர் தன் பலூன் நிழலில் நாலு பிள்ளைகள் சோழி உருட்டுவதைப் பார்த்துவிட்டு, இருக்கட்டும், நமக்கு எதற்கு, தூக்கிச் சுமக்கவா போகிறோம் என்று சொல்லி அடுத்த ஊருக்கு நடந்தார்.

மங்களேஸ்வரியின் நோட்டில் காளிப்பேச்சியின் எண் இருந்தது போல, காளிப்பேச்சியிடம் மங்களேஸ்வரியின் எண்ணும் இருந்தது. சித்திரை முதல் வாரத்தில் காளிப்பேச்சி போனில் கூப்பிட்டு, நீங்கள் படம் எடுத்த அன்றைக்கு எங்கள் நிழல் அங்கேயே நின்றுபோனது, ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று, புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு அழைப்பது போல அழைத்தாள்.

மங்களேஸ்வரி போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கி அளக்கரை ரோட்டில் நடந்தவள், தூரத்திலேயே தன் படத்தைக் கண்டுகொண்டாள். படத்தில் இல்லாத பாதி இங்கே தரையில் கிடந்தது. கொட்டுக்காரரின் கை உயர்ந்த நிலையிலேயே, குலவையிடும் பெண்ணின் கை வாயருகே குவிந்த நிலையிலேயே, கம்பு தாங்கிய லிங்கத்துரையின் ஒரு கால் முன்னே வைத்த நிலையிலேயே எல்லாம் அப்படி அப்படியே இருந்தன. நடுநடுவே உயிருள்ள பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. உள்ளங்காலில் குளிர்ச்சி ஏறியது. எத்தனை ஊர், எத்தனை கூட்டம், எத்தனை ஆயிரம் படம். எதிலும் இதுவரை ஒருவரும் உட்கார்ந்ததில்லை. அன்று வெகுநேரம் அவள் பையிலிருந்து கேமராவை எடுக்கவே இல்லை.

புறப்படும்போது காளிப்பேச்சி அவளை பஸ் நிற்கிற இடம்வரை கொண்டுவந்து விட்டாள். டிவியில் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். போட்டால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் கடை வரும், கம்பி கட்டுவார்கள், நாங்கள் கம்பிக்கு வெளியே வெயிலில் நின்று எங்கள் நிழலைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றாள். மறுநாள் வேலைக்குப் போன மங்களேஸ்வரி, யாரும் பக்கத்தில் இல்லாதபோது, ‘கள்ளியோடையில் நூற்றுப் பதினேழு பேரின் நிழல் தரையில் நின்றது’ என்று ஒரு வரி அடித்துப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அடித்த வரிகளிலேயே அதுதான் பெரிய வரி. பொத்தானை அழுத்தினால் ஓடிவிடும். அவள் ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, அந்த இடத்தில் மழைக்கு வாய்ப்பில்லை என்கிற வரியை ஓடவிட்டாள்.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாலாம் நாள், காலை ஒன்பதரை மணிக்கு, லிங்கத்துரை பாத்தியில் உப்பு இழுத்துக்கொண்டிருந்தபோது வாரு பலகையோடு சரிந்து விழுந்தார். தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நிழலுக்குக் கொண்டுவருவதற்கு நாற்பது அடி இருக்கும்போது உயிர் போய்விட்டது. ஊர் ஆண்கள் அதுவரை அந்த நிழலில் உட்கார்ந்ததில்லை. பெண்கள் எழுந்த பிறகு நாம் உட்காரலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், பெண்கள் எழுந்தால் வேலை நேரம் வந்துவிடும்.

உடலைக் குளிப்பாட்டி வாசலில் கிடத்தியபோதுதான் பூசாரி கொம்பையா அந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார். பந்தல் கீற்று வழியாக வெயில் விழுந்தது. பாடையின் நிழல் தரையில் இருந்தது, மாலையின் நிழல் இருந்தது, படுத்திருந்தவரின் நிழல் இல்லை. நிழல் இல்லாத உடம்பை எப்படி எடுப்பது, பாதி மனுஷனை ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டுப் பாதி மனுஷனைக் குழியில் வைத்தால் அந்த ஆத்மா எங்கே போகும் என்றார் அவர். அவர் கெட்ட மனுஷர் இல்லை. லிங்கத்துரையோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். சொல்லும்போதே அழுதுகொண்டுதான் இருந்தார். எடுத்தவர் கையாலேயே திருப்பி எடுக்கச் சொல்லுவோம் என்று ஊர் கூடி முடிவு செய்து மங்களேஸ்வரிக்குப் போன் போட்டார்கள். அவள் பாதிச் செய்தியில் எழுந்து பஸ் ஏறினாள்.

மூன்று மணிக்கு அவள் வந்து சேர்ந்தபோது நிழலைச் சுற்றி ஊரே நின்றுகொண்டிருந்தது. நிழலுக்குள் ஒருவரும் இல்லை. மறுபடியும் ஒரு படம் எடுத்தால் நிழல்கள் எழுந்து அவரவரிடம் போய்விடும் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். போய்விடுமா, போகாதா என்று அவளுக்குத் தெரியாது. போனால் லிங்கத்துரைக்கு மட்டும் போகாது, நூற்றுப் பதினேழும் போகும், பத்தரை சென்ட்டும் வெயிலாகிவிடும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குடை நிழலில் உட்காருகிற கர்ப்பிணி நின்றாள், பலூன் நிழல் பிள்ளைகள் நின்றார்கள், வெடித்த பாதங்களோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். அக்னி வெயில் தலைக்குமேல் கொதித்தது. வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எடுங்கள் என்று தலையை மட்டும் அசைத்தார்கள். இத்தனை வருஷம் எத்தனையோ கூட்டங்களைக் கேமராக் கண்ணாடி வழியாகப் பார்த்தவள், இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. அவள் கை கேமராவின் மூடிக்குப் போனது.

அந்தக் கையைக் காளிப்பேச்சி வந்து பிடித்தாள். அழுது அழுது அவள் குரல் கரகரத்திருந்தது.

“வேண்டாங்கக்கா. ஒரு ஆளுக்காக ஊரு நிழலைக் கலைக்காதீங்க.”

கொம்பையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, இந்த மனுசன் இருபத்தாறு வருசமா வெயில்லயே நின்னாரு. போறப்பவாவது கொஞ்ச நேரம் நிழல்ல படுத்துட்டுப் போகட்டும். அவரு நிழல்தானே, அதுல படுக்க வைங்க. பொறவு நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படிச் செய்யலாம்.”

பாடையைத் தூக்கிக்கொண்டு வந்து, முன்கம்பைத் தாங்கி நின்ற அவருடைய நிழலின்மேல், தலை இருக்கிற இடத்தில் தலையும் தோள் இருக்கிற இடத்தில் தோளுமாக இறக்கி வைத்தார்கள். முகத்தில் நிழல் விழுந்தது. வெயிலில் கிடந்து கறுத்து இறுகியிருந்த அந்த முகம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மதியத் தூக்கம் தூங்குகிறவரின் முகம் போல இளகியது. காளிப்பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறினாள். கொட்டுக்காரர் கொட்டைக் கீழே வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து, சரி, தூக்குங்கள் என்றாள். நாலு பேர் தூக்கினார்கள். வெயிலுக்கு வந்ததும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பாடையின் நிழலுக்குள், கை கட்டிப் படுத்திருக்கிற ஒரு மனுஷனின் நிழலும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. அவர் கிடந்த இடத்தில், சப்பரத்தின் முன்கம்புக்குக் கீழே, ஒரு ஆள் அளவுக்கு வெள்ளையாக வெயில் விழுந்திருந்தது. தாங்க ஆளில்லாத அந்தக் கம்பின் நிழல் ஒரு விரல்கடைகூடத் தாழவில்லை. கொம்பையா கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டது அந்தக் கம்பின் நிழலையா, காளிப்பேச்சியையா என்று யாரும் கேட்கவில்லை.

மங்களேஸ்வரி கேமராவைத் திறக்காமலே மதுரைக்குத் திரும்பினாள்.

அன்றிலிருந்து கள்ளியோடைக்கு வழி தெரிந்துவிட்டது. தன் நிழலில் போய்ச் சற்று நேரம் படுத்து எழுந்தால் போதும், நிழல் கூடவே வந்துவிடும். மந்திரம் வேண்டாம், படம் வேண்டாம். அறிந்தும் நூற்றுப் பதினாறு பேரில் ஒருவரும் படுக்கவில்லை. உட்காரலாம், சாயக்கூடாது என்று பெண்கள் ஒருவரை ஒருவர் எச்சரித்துக்கொண்டார்கள். கண் சொக்குகிறவளை அடுத்தவள் தட்டி எழுப்பினாள். கிராம நிர்வாக அதிகாரி போல வெளியாட்கள்தான் படுத்தார்கள். ஆவணியில் முத்தரசி என்கிற பெண்ணுக்குச் சிவகாசியில் மாப்பிள்ளை அமைந்தது. பெண்ணுக்கு நிழல் இல்லை என்று தெரிந்தால் அந்த வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று அவள் அம்மா பயந்தாள். முத்தரசி ஒரு மாதம் அந்த நிழல் பக்கமே போகாமல் திரிந்தாள். கடைசியில் காளிப்பேச்சிதான் அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், ஒரு பாயை விரித்து, குலவையிடுகிற அவளுடைய நிழலின்மேல் படுக்க வைத்தாள். போகிற இடத்தில் நீ முழுசாகப் போ என்று சொன்னாளாம். முத்தரசி அழுதுகொண்டே படுத்து, நிழலோடு எழுந்தாள். ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. கல்யாணத்துக்கு எல்லோரும் போனார்கள்.

பிறகு துபாய்க்குப் போன ஒருவனும், வெளியூர் வேலைக்குப் போன நாலு பேரும் எடுத்துக்கொண்டார்கள். வயதான இரண்டு பேர் செத்து, அவர்களையும் இறக்கி வைத்து எடுத்தார்கள். தை மாதத்துக்குள் ஒன்பது இடம் வெளுத்துவிட்டது. கஞ்சி குடிக்கிறவளின் மடியில் திடீரென்று ஒரு கீற்று வெயில் விழும். அவள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவாள்.

மறு பங்குனி வந்தது. கடைசிச் செவ்வாய்க்கிழமை மங்களேஸ்வரி காலையிலேயே வந்துவிட்டாள். போன வருஷம் ஊரில் இல்லாதவர்கள், அப்போது வேலைக்குப் போயிருந்தவர்கள், புதிதாக வாழ வந்த மருமகள்கள் என்று நாற்பது பேர் தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்லதைக் கட்டிக்கொண்டு, தங்களையும் எடுக்க வேண்டும் என்று காத்திருந்தார்கள். யார் எங்கே நின்றால் எந்த வெள்ளை மூடும் என்று காளிப்பேச்சி முன்கூட்டியே கால் தடம் போட்டு வைத்திருந்தாள். நர்ஸ்கூட ஒரு தடத்தில் வந்து நின்றார்.

சப்பரம் வந்தது. நிழல் இல்லாத சப்பரம், தன் பழைய நிழல் கிடக்கிற இடத்தில் வந்து அச்சாக நின்றது. முன்கம்பில் லிங்கத்துரையின் இடத்தில் மட்டும் யாரும் தோள் கொடுக்கவில்லை. ஒரு வருஷமாக அந்த வெள்ளையை யாரும் மூட நினைக்கவும் இல்லை. நாலு மணிக்கு மங்களேஸ்வரி உப்பு அம்பாரத்தின்மேல் ஏறி, கேமராவைத் தாங்கியில் பொருத்தி, எல்லோரும் படத்துக்குள் வருகிறார்களா என்று சரிபார்த்தாள். பிறகு கீழே நின்ற காளிப்பேச்சியை மேலே கூப்பிட்டு, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள்.

“நீங்க எங்க நிக்கப் போறீங்க?” என்றாள் காளிப்பேச்சி.

“அவரு இடத்துல நான் நிக்கலாமா, பேச்சி?”

காளிப்பேச்சி கீழே அந்த வெள்ளையைப் பார்த்தாள். இந்த ஊரில் பிறக்காத, இந்த உப்பை வாராத, பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிற இந்தப் பொம்பளையைப் பார்த்தாள். தன் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து உதறி, அவள் கையில் கொடுத்தாள்.

“தோள்ல வச்சுக்கோங்கக்கா. கம்பு அழுத்தும்.”

மங்களேஸ்வரி இறங்கிப் போய்த் தோளைக் கொடுத்தாள். கம்பு அழுத்தத்தான் செய்தது. முன்னால் இருப்பவரின் முதுகும், கொட்டுக்காரரின் உயர்ந்த கையும், மேற்கே சரிந்த வெயிலும் தெரிந்தன. கண்ணாடி நடுவில் இல்லாமல் ஒரு திருவிழாவை அவள் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை. மேலே கேமராவிலிருந்து சன்னமாக ஒரு சத்தம் கேட்டது.

கொட்டு முழங்கியது. சப்பரம் நகர்ந்தது. முதல் அடி வைக்கும்போது, காலில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று, ஈரத் துணி தரையிலிருந்து பிரிவது போல மெல்லப் பிரிந்தது. அவள் குனிந்தும் பார்க்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. பாரத்தைச் சுமந்துகொண்டு எல்லோரோடும் நடந்தாள். பின்னால், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்வலத்தில் வராமல் நின்ற பெண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து அங்கே உட்காருகிற வளையல் சத்தம் கேட்டது.